தண்ணீரில் பொய் சொல்லாத தம்பியோடு நெடுந்தீவுக்கு

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை நெடுந்தீவுக்குப் போய் வந்தேன். எனக்கு இது நாலாவது தடவை. வழக்கமாகப் போய் வந்த இரண்டு நாளில் பயணக் கட்டுரை எழுதிப் போட்டுவிடுவேன். இந்த முறை இரண்டு மாதம் எடுத்தது. பயணக் குறிப்புகள் மட்டும் வேண்டியவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம், நான் கோபிக்க மாட்டேன்.

போனதற்குக் காரணம் என் தம்பி சுதன். பதினொரு வருடத்துக்குப் பிறகு நோர்வேயிலிருந்து வந்திருந்தான். அதில் எட்டு வருடம் விசா இல்லாமல் இழுபட்டவன். வெளியே வந்தால் திரும்பிப் போக ஏலாது என்ற நிலை. மூன்று வருடத்துக்கு முன் அம்மா ஆசுப்பத்திரியில் கண்ணை மூடிய அன்றைக்குத்தான் அவனுடைய கடைசி விசாரணை. அதனால் அம்மாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. விசா கிடைத்து, கடவுச்சீட்டும் கிடைத்து, இப்போதுதான் வர முடிந்தது. வந்த மூன்றாம் நாள் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, எந்தத் தீவுக்குப் போனா கனநேரம் கடலிலை நிக்கலாம்?"

"நெடுந்தீவு. ஒரு மணித்தியாலம். ஏன், கடல் ஆட்டத்திலை சத்தி எடுக்க ஆசையோ?"

"அப்ப அங்கை போவம்," என்றான். ஊர் பார்க்கக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

அவனுடைய சமயத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. சுதன் சமயம் மாறிவிட்டான். கிறிஸ்தவ வேதத்துக்குப் போயிருந்தால் வீட்டில் ஒரு கிழமை அழுதுவிட்டு, நத்தாருக்குக் கேக் எதிர்பார்த்திருப்போம். இவன் போனது ஒரு கதைப்புத்தகத்துக்கு. அகதி முகாமில் இருந்தபோது அந்த நாட்டுப் பாஷை படிக்க நூலகத்தில் சிறுவர் நாவல் ஒன்றை எடுத்தானாம். ஐந்து பாகம். நிலமெல்லாம் தாழ்ந்துபோய், சனம் முழுக்கத் தெப்பங்களில் வாழ்கிற கதை. தெப்பத்தில் ஒருவனிடம் பொய் சொல்லிவிட்டு எங்கேயும் எழும்பிப் போக இடமில்லை. ஆகவே அவர்களுடைய முதல் சட்டம், தண்ணீரில் பொய் சொல்லக்கூடாது. பேசாமல் இருக்கலாம். பொய் மட்டும் கூடாது.

அதை வாசித்த பதினொரு பேர் அங்கே அவன் இருக்கிற ஊரில் சேர்ந்து, அந்தச் சட்டத்தை மெய்யாகவே கைக்கொள்ளத் தொடங்கினார்கள். மாதம் ஒருமுறை படகில் ஏறி அக்கரைக்குப் போய் வருவார்கள். கேட்க வேண்டியதைக் கேட்பார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள். அவ்வளவுதான் வழிபாடு. சாமி இல்லை, படம் இல்லை. புத்தகம் எழுதிய அம்மையார் உயிரோடு இருக்கிறார். இது வெறும் கதை, என்னை விட்டுவிடுங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறாராம்.

வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "உங்கட சாமிக்குக் காப்புரிமை ஆரிட்டை இருக்கு?" என்று மாமா கேட்டார். நானும் சிரித்தேன். நான் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போகிறவள். கோயிலில் இருக்கிற அம்மாளாச்சியையும் ஒரு சிறுவர் நாவலையும் ஒரே தட்டில் வைக்க என்னால் ஏலாது. இதை எழுதி முடிக்கிற இந்த நிமிடத்திலும் ஏலாது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை 6.40க்குக் குறிகட்டுவான் பஸ். ஆளுக்கு நூற்றெண்பது ரூபா. இடது பக்க யன்னல் பிடியுங்கள், வெயில் முகத்தில் அடிக்கும், ஆனால் கடல் நன்றாகத் தெரியும். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். எனக்கு வாய் சும்மா இராது.

"இது தண்ணியோ கரையோ? இஞ்சை பொய் சொல்லலாமோ?"

"பாலத்தைப் பற்றி எங்களுக்குள்ளையே ரெண்டு கட்சி," என்றான் சுதன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "தண்ணி எண்டு நாலு பேர், கரை எண்டு ஏழு பேர்."

பதினொரு பேருக்குள் இரண்டு கட்சி என்றால் அது சமயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். வேலணை, புங்குடுதீவு, பூட்டிக் கிடக்கிற பெரிய கல்வீடுகள், பிறகு குறிகட்டுவான். நேரம் 8.05. படம் எடுக்கச் சொன்னால் என் போனைத்தான் வாங்கி எடுத்தான். அவனுடையது அணைத்தபடி பையின் அடியில் கிடந்தது. வந்த நாளிலிருந்து அப்படித்தான். கடைக்கு அனுப்பிவிட்டு இன்னொரு சாமான் சொல்ல ஏலாது. போன் எனக்கு ஒத்துவராது என்பான்.

நெடுந்தீவுப் படகு ஒன்பது மணிக்கு. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதிந்துவிட்டு ஏற வேண்டும். ஆளுக்கு இருநூறு ரூபா. சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. கீழ்த்தட்டில் டீசல் மணம் தாங்காது என்று மேலே, பின்பக்கமாக இருந்தோம். பக்கத்தில் சீமெந்து மூட்டைகளும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் கயிற்றில் கட்டிக் கிடந்தன. கால் மணி நேரத்தில் கரை மறைந்தது. படகு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் சத்தி வராமலிருக்கத் தேசிக்காயை மணந்துகொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

"அக்கா."

கண்ணைத் திறந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு நேரே திரும்பி இருந்தான்.

"அம்மா கடைசியா என்னைக் கேட்டவவோ?"

இந்தக் கேள்வியைப் போனில் இரண்டு தரம் கேட்டிருக்கிறான். இரண்டு தரமும் இல்லை என்றேன். இரண்டு தரமும் அவன் உடனே போனை வைத்துவிட்டான். இப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் ஊர் பார்க்க வரவில்லை. இந்தக் கேள்வியை ஒரு படகில் வைத்துக் கேட்பதற்காக அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறான்.

"இல்லையடா," என்றேன். "காய்ச்சல் மயக்கத்திலையே கிடந்தவ. ஒருத்தரையும் கேக்கேல்லை. நித்திரையிலை போனமாதிரி."

ஒரு நொடியும் யோசிக்காமல் வந்தது. மூன்று வருடம் பழகிய பொய் அல்லவா. போனில் என்றால் இந்த இடத்தில் வைத்துவிடுவான். இந்த முறை அப்படி நடக்கவில்லை. தோள் இரண்டும் இறங்கின. கண் நிறைந்தது. "சரி அக்கா," என்றான். பிறகு என் பையில் தலையை வைத்துச் சரிந்தான். அந்த ஆட்டத்தில், அந்த இரைச்சலில், நித்திரையாகிப் போனான்.

அவன் என்னை நம்பிவிட்டான். தண்ணீரில் சொன்னதால் நம்பிவிட்டான்.

10.05க்கு இறங்கினோம். துறையில் முச்சக்கர வண்டி பிடிக்கலாம். தீவு முழுக்கச் சுற்றிக் காட்ட நாலாயிரம் ரூபா. ஏறும் முன்பே பேசிவிடுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் அந்தோனி அண்ணை. வயது ஐம்பத்தைந்து இருக்கும், பாதி நாள் வண்டி, பாதி நாள் கடல். கண்ணாடியில் செபமாலை தொங்கியது. வண்டி நூறு மீற்றர் போகவில்லை, கேட்டுவிட்டார்.

"தம்பி நீர் சைவமோ, வேதமோ?"

நான் சைவம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சுதன் முந்திக்கொண்டான். முழுவதையும் சொன்னான், புத்தகம், தெப்பம், பதினொரு பேர் எல்லாம். எனக்கு மானம் போனது. இந்த மனிசன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கப் போகிறார் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தோனி அண்ணை சிரிக்கவில்லை. "அப்ப அதிலை என்ன செய்யக்கூடாது?" என்று கேட்டார்.

"தண்ணியிலை பொய் சொல்லக்கூடாது."

"கரையிலை?"

"கரையிலை அவரவர் பாடு."

"எங்கட வேதத்திலை தண்ணி, கரை ரெண்டிலையும் பொய் ஏலாது," என்றார். "நாங்கள் ரெண்டிலையும் சொல்லுறம். உமக்கு ஒண்டுதான், அதை ஒழுங்கா வைச்சிருக்கிறீர் போலை. பறவாயில்லை, நல்ல சமயம்தான்."

"கதைப்புத்தகமெல்லோ அண்ணை," என்றேன் நான். எனக்கு எரிச்சல்.

"எதிலையிருந்து வந்தா என்ன பிள்ளை. ஒண்டையும் மறிக்காட்டித்தான் அது பகிடி. இது ஆளைப் பொய்யிலையிருந்து மறிக்குதெல்லோ."

பயணக் கட்டுரைக்கு வேண்டியது எல்லாம் பார்த்தோம். பெருக்கு மரம், உள்ளே பொந்தில் நாலு பேர் நிற்கலாம். கடலிலிருந்து எடுத்த முருகைக்கல் அடுக்கிய வேலிகள். கோட்டையில் மிஞ்சி நிற்கிற சுவர். ஒரு கல் ஆண்டுக்காண்டு வளர்கிறது என்கிறார்கள், அதற்குப் பூ வைத்துக் கும்பிட்ட அடையாளம் இருந்தது. பாறையில் ஒரு பெரிய கால் தடம், யாரோ இராட்சதனுடையதாம். ஆளில்லாமல் திரிகிற குதிரைகள் தெற்கு வெளியில் கூட்டமாக நின்றன. அவற்றுக்கு அந்த மாதம் தண்ணீர் இல்லாத மாதம், விலா எலும்பு தெரிந்தது.

சுதன் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். பெருக்கு மரப் பொந்துக்குள் நின்று பாட்டுப் பாடினான். மதியம் துறையடிக் கடையில் சோறும் ஒட்டிமீன் குழம்பும், அறுநூறு ரூபா, இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டான். மூன்று வருடமாகச் சரியாகச் சாப்பிட்டு நித்திரை கொண்டதில்லை என்று அங்கேதான் சொன்னான். "திரும்பிப் போனதும் ஆக்களுக்குச் சொல்லப்போறன் அக்கா. என்ரை கேள்வி முடிஞ்சுது எண்டு."

எனக்கு ஒரு பிடி சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் இந்த முகம் போய்விடும். சொல்லாவிட்டால் அவனுக்கு நித்திரை வரும், அந்த நித்திரையின் அடியில் என் பொய் இருக்கும். ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, இதை அணைத்துச் சத்தியம் பண்ணு என்று யாராவது கேட்டிருந்தால், அம்மா உன்னைக் கேட்கவில்லை என்று நான் சொல்லியிருப்பேனா? மாட்டேன். அவனுடைய கடலில் கூசாமல் சொன்னேன். ஏனென்றால் அது எனக்கு வெறும் உப்புத்தண்ணி. என் சாமி இருக்கிற இடத்தில் மட்டும் நான் யோக்கியமானவள். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் மண்டைக்குள் அரித்தது. அந்தக் கதை யாரோ கற்பனையில் எழுதியது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறான். நான் பயத்தில் கட்டுப்படுகிறவள். இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிடாதீர்கள்.

திரும்பும் படகு 2.30. காலையைவிடக் காற்றுக் கூட. ஏறும்போது மழைத்தூறலும் சேர்ந்தது. அதே பின்பக்கம், அதே கம்பி. கரை மறையும் வரை காத்திருந்தேன். பிறகும் காத்திருந்தேன். புங்குடுதீவுப் பக்கத்துப் பனைகள் தெரியத் தொடங்கின. இன்னும் கால் மணி நேரத்தில் கரை. இறங்கிவிட்டால் நான் தப்பிவிடுவேன்.

"சுதன், காலமை நான் சொன்னது பொய்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அம்மாக்கு மயக்கம் இல்லை. மூண்டு நாளும் நினைவோடை இருந்தவ. கதவு திறக்கிற நேரமெல்லாம் உன்னைத்தான் கேட்டவ. சுதன் வந்திட்டானோ, சுதன் வந்திட்டானோ எண்டு. அம்மாக்கு வெறும் காய்ச்சல் எண்டு உனக்குச் சொன்னது நான்தான். உண்மையைச் சொன்னா நீ விசாரணையை விட்டிட்டு ஓடிவந்திடுவாய். எட்டு வருசமும் வீணாப்போகும். நானே முடிவெடுத்தனான், ஒருத்தரையும் கேக்கேல்லை."

காற்று என் சொல்லை அள்ளிக்கொண்டு போகுமோ என்று பயந்தேன், கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. அவனுக்குக் கேட்டுவிட்டது. முகம் இறுகியது. கம்பியைப் பிடித்த கை வெளிறியிருந்தது.

"கடைசி நாள் தாங்கேலாமல் உனக்கு எடுத்தனான்," என்றேன். "இஞ்சை காலமை பத்துப் பத்து, அங்கை அப்பதான் விடியுது. நீ எடுக்கேல்லை. பேந்து நான் எடுக்கவும் இல்லை. அம்மாக்கு, நீ வந்துகொண்டிருக்கிறாய் எண்டு பொய் சொல்லிட்டன்."

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 3.40க்குக் குறிகட்டுவான். அவன் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தான். பஸ் நிற்கிற பக்கம் போகவில்லை. நயினாதீவுப் படகு கட்டியிருந்த பக்கம் போய் நின்றான்.

"எங்கை போறாய்?"

"இது எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம். சுதன், வீட்டை போவம்."

"எனக்கும் ஒண்டு சொல்லவேணும். கரையிலை சொல்ல ஏலாது," என்றான். "வாங்கோ."

நாலு மணிப் படகு, ஆளுக்கு நூறு ரூபா. கோயிலுக்குப் போகிற சனம் நெருக்கியடித்தது. எல்லோரையும் போல நாங்களும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு முழங்கால் முட்ட இருந்தோம். படகு புறப்பட்டு, கயிறு தண்ணீரிலிருந்து ஏறிய பிறகுதான் வாய் திறந்தான். அதுவும் என் முகத்தைப் பார்க்காமல்.

"அம்மா போன அண்டைக்குப் போன் சார்ஜ் இல்லாமல் நிண்டிட்டுது எண்டு சொன்னனான், என்ன."

"ஓம்."

"போன் கையிலைதான் இருந்தது. ஒன்பது மணிக்கு விசாரணை. விடிய எழும்பி, சேட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலிலை இருந்தனான். உங்கட பேர் வந்தது. அந்த நேரத்திலை நீங்கள் எடுத்தா என்ன எண்டு எனக்குத் தெரியும் அக்கா. எடுத்தா விசாரணைக்குப் போக ஏலாது. அதாலை அது அடிச்சு ஓயும் மட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான்." முன்னால் இருந்த பெண்ணின் பூக்கூடையைப் பார்த்தபடியே சொன்னான். "காலமை நீங்கள் அம்மா கேக்கேல்லை எண்டு சொன்னோடனை, அப்ப நான் எடுக்காதது பிழையில்லை எண்டு நினைச்சன். அதுதான் நித்திரை வந்தது."

மூன்று வருடமாக நான் என்னை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தேன். அவன் அவனை. அவன் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை.

நயினாதீவில் கோயிலுக்குள் நான் மட்டும் போனேன். அவன் வெளியே செருப்புகளோடு இருந்தான். அம்மாளாச்சிக்கு முன்னால் நின்றபோது வேண்டுவதற்கு ஒன்றும் வரவில்லை. பாம்பு ஒன்று வாயில் பூவோடு கடலை நீந்தி வந்து வழிபட்ட இடம் இது என்பார்கள். வழியில் பருந்து மறித்ததாம். அந்தப் பாம்பைப் பற்றி ஒரு நாளும் நான் சந்தேகப்பட்டதில்லை, அன்றும் படவில்லை. வெளியே செருப்புக் காத்துக்கொண்டிருந்தவனைப் பற்றி நாங்கள் அடித்த பகிடிகளுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஐந்து மணிப் படகில் திரும்பினோம். பாதி வழியில் கேட்டான்.

"வந்துகொண்டிருக்கிறன் எண்டு அம்மாக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?"

"விடிய பிளேனாலை இறங்கிட்டாய், பஸ்ஸிலை வாறாய் எண்டு. அவ விடேல்லை. எவடத்திலை வாறான், எவடத்திலை வாறான் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ. நானும் ஒவ்வொரு இடமாச் சொன்னனான். பன்ரெண்டு மணிக்குப் புத்தளம். ரெண்டு மணிக்கு அனுராதபுரம், அங்கை இறங்கித் தேத்தண்ணி குடிச்சனி. மூண்டரைக்கு வவுனியா. அஞ்சுக்குக் கிளிநொச்சி." ஊர் ஊராக நேரம் எழுதுகிற என் புத்தி அன்றைக்கு அதற்குத்தான் உதவியது. "யன்னல் பக்கம் இருக்கிறானோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன்."

"கடைசியா எவடம் மட்டும் வந்தனான்?"

"ஆனையிறவு. வீட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான், உப்பளம் தெரியுதாம் எண்டு சொன்னன். அப்ப சரி, சோத்தைப் போடு எண்டவ. பேந்து கதைக்கேல்லை."

சுதன் அழுதான். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பிரசாத வாழைப்பழம் ஒன்றை அவன் கையில் வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டே கரை வரும் வரை அழுதான்.

இனி, போக இருப்பவர்களுக்கு. சோளகக் காலத்தில் நெடுந்தீவுப் பயணம் கடினம், மாசி முதல் சித்திரை வரை கடல் அமைதி. காலைப் படகைத் தவறவிட்டால் அன்றைக்கு நெடுந்தீவை மறந்துவிட்டு நயினாதீவுக்குப் போங்கள். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, தேசிக்காய், அடையாள அட்டை அவசியம். நேரங்களும் கட்டணமும் மாறும், முதல் நாளே விசாரியுங்கள். இரண்டு தீவையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள், நாங்கள் பார்த்ததற்குக் காரணம் வேறு.

கதைப்புத்தகத்திலிருந்து வந்த சமயத்தை மதிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய விளக்கம் இல்லை. இத்தனை வருடக் கோயிலும் விரதமும் என் வாயிலிருந்து எடுக்காத ஒன்றை, யாரோ ஒரு அம்மையார் பிள்ளைகளுக்காக எழுதிய ஒரு வரி எடுத்தது. இனி அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வராது.

திரும்புகிற பஸ் 5.45க்கு எடுத்தது. பண்ணைப் பாலத்தில் ஏறும்போது சூரியன் இறங்கி, தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சம் இருந்தது. சுதன் பையின் அடியைத் துழாவித் தன் போனை எடுத்து, அதற்கு உயிர் வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எனக்கு ஒருக்கா கோல் எடுங்கோ."

தோளோடு தோள் இருந்துகொண்டு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். யன்னல் பக்கம் திரும்பி, போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

"ஓம் அக்கா," என்றான். "ஆனையிறவு தாண்டிட்டன். இன்னும் கொஞ்ச நேரத்திலை வந்திடுவன் எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ."

பாலம் தண்ணியோ கரையோ என்று நான் கேட்கவில்லை. "சொல்லுறன்," என்றேன்.